கடை அடைத்தாலும் வழி அடைக்கக் கூடாது: நகர மறுசீரமைப்பு ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நகர மறுசீரமைப்பு ஆணையம், சிங்கப்பூர்
பார்வைக்கு: நிலப் போக்குவரத்து ஆணையம்; கட்டட, கட்டுமான ஆணையம்; கடைத்தொகுதி உரிமையாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

ரயில் நிலையம், பேருந்து முனையம், கடைத்தொகுதி, மருத்துவமனை, வீடுகள் எல்லாவற்றையும் மழையில் நனையாத பாதைகளால் கோத்துக் கட்டுவதில் சிங்கப்பூர் கைதேர்ந்துவிட்டது. 2025ஆம் ஆண்டுப் பெருந்திட்ட வரைவைப் பார்த்தவர்களுக்கு, செங்காங், உட்லண்ட்ஸ் நார்த், இயோ சூ காங் என்று அடுத்த சுற்று ஒருங்கிணைந்த மையங்கள் வரிசையில் நிற்பது தெரியும். வரட்டும். நண்பகல் வெயிலில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்த எவரும் குளிரூட்டிய நடைவழி வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லப் போவதில்லை.

நான் கேட்பது வேறு. இந்த உள்வழிகளைப் பொதுமக்களுக்கான வழி என்று வரைபடத்தில் காட்டுகிறீர்கள். அவற்றைக் கட்டித் தருவதற்காகக் கட்டட உரிமையாளர் சலுகை பெறுகிறார். அவற்றை நம்பித்தான் நாங்கள் பக்கத்தில் வீடு வாங்குகிறோம். ஆனால் கடை அடைக்கும் நேரம் வந்ததும் பல இடங்களில் அந்த வழி தனியார் இடமாகிவிடுகிறது. பொதுவழி என்று ஒன்றைச் சொன்னால், அது முதல் ரயில் முதல் கடைசி ரயில் வரை, மின்தூக்கி உட்பட, திறந்திருக்க வேண்டும். புதிய கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதமில்லாமல் இதை எல்லோருக்குமான விதியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் எழுதி வைத்த விதிதான். 1822இல் நகரத் திட்டக் குழுவுக்கு, இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் அனுப்பிய கட்டளைகளில் ஒன்று, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகளின் முன்புறம் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விட வேண்டும், அது தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியான திறந்த வழியாக எந்நேரமும் இருக்க வேண்டும் என்கிறது. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நம் அஞ்சடிகள் (ஐந்தடி நடைவழிகள்) அப்படி வந்தவை. நிலம் வீட்டுக்காரருடையது, தூண் அவருடையது, மேலே இருக்கும் மாடி அவருடையது. நடக்கும் உரிமை மட்டும் ஊருக்கு. காலனி ஆட்சியின் காரியங்களில் பாராட்டத் தோன்றுபவை குறைவு. இது அவற்றில் ஒன்று.

கடைக்காரர்கள் அந்த விதியை விரும்பவில்லை. மூட்டை அடுக்கினார்கள், பலகை போட்டார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்யப் புறப்பட்டபோது, கடைகளை அடைத்துக் கல்லெறிந்து கலவரமே நடந்தது. சிராங்கூன் சாலையில் இன்றைக்கும் முருங்கைக்காய்க் கட்டுகளும் சாமந்திக் கூடைகளும் அஞ்சடிக்குள் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே பூ வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசாமல் விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே தகராறு தெருவில், எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. கூடைக்காரரிடம் "கொஞ்சம் ஒதுக்குங்கள் அண்ணே" என்று கேட்டால் ஒதுக்கிக் கொடுப்பார். கடைத்தொகுதிக்குள் இறங்கிவிட்ட ஷட்டரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

அந்த ஷட்டரின் முன்னால் நானும் அம்மாவும் நின்றிருக்கிறோம். எந்தக் கடைத்தொகுதி, எந்த வட்டாரம் என்று சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கட்டடத்தின் குற்றமாக இதை யாரும் படித்துவிடக் கூடாது. உறவினர் வீட்டு விருந்து முடிந்து ரயிலில் திரும்புகிறோம். மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. ரயில் நிலையத்தின் மின்தூக்கி ஒழுங்காக வேலை செய்தது. நடைமேடையிலிருந்து மேலே வந்தோம், கட்டணத் தடுப்பைத் தாண்டினோம். அதற்கப்புறம் எங்கள் புளோக்குக்குப் போகும் மேல்பாலத்தை எட்ட ஒரு மாடி ஏற வேண்டும். மின்படி ஓடிக்கொண்டிருந்தது. கால் உள்ளவர்கள் அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மாடிக்கான மின்தூக்கி மட்டும் கடைத்தொகுதியின் உள்ளே, ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கம்பி இடைவெளி வழியாகப் பார்த்தால் மின்தூக்கியின் பொத்தான் விளக்குக்கூடத் தெரிந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு, சேவை நேரம் காலை 10 முதல் இரவு 10 வரை என்றது.

பாதுகாவலர் நல்ல மனிதர், தமிழர். "அக்கா, சாவி மேலாளரிடம் இருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு கையைக் காட்டி, வெளியே இறங்கி, சாமான் லாரி நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு சாலையோரமாகப் போகச் சொன்னார். போனோம். லாரிக்காகப் போட்ட சரிவு சக்கர நாற்காலிக்குச் செங்குத்து. அம்மா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பேசாமல் வந்தார். மின்படியில் ஏறியவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எங்களுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல்.

இதில் சட்டத்தை மீறியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரும் இல்லை. ரயில் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது. கடைத்தொகுதியிலும் மின்தூக்கி இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலும் இருக்கிறது. தடையற்ற கட்டடச் சூழலுக்கான விதித்தொகுப்பு 1990 முதல் இந்த நாட்டில் நடப்பில் உள்ளது, அதற்குப் பிறகு பலமுறை திருத்தி மேம்படுத்தப்பட்டது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தேர்வெழுதித் தேறிவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து மருத்துவர் அறைவரை போகும் முழுப் பயணத்துக்குத்தான் தேர்வு வைப்பவர் யாரும் இல்லை. ஒரு கட்டடம் முடிந்து இன்னொன்று தொடங்கும் அந்த ஒட்டில் எல்லாம் உடைகிறது.

ஒட்டுகளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். நிலையத்தின் தரையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த தொடு பட்டை, கடைத்தொகுதியின் பளிங்கு தொடங்கும் இடத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். பட்டையைத் தடியால் தடவி வந்தவருக்கு அதன்பின் வழவழப்பான தரையும், நாலாபக்கமும் விளம்பர இரைச்சலும், நடுவழியில் கழிவு விலைத் துணிமேசைகளும்தான் துணை. அப்புறம் தள உயரம். இரண்டு கட்டடங்களை இருவேறு காலத்தில் இருவேறு நிறுவனங்கள் கட்டும்போது தளங்கள் சரியாகப் பொருந்தாது. அரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். 1:12 சரிவு என்ற கணக்கில் அரை மீட்டர் ஏற 6 மீட்டர் நீளம் வேண்டும். அந்த 6 மீட்டரில் ஒரு தேநீர்க் கடை போட்டால் வாடகை வரும். ஆகவே நடுவில் மூன்று படிகளும், சரிவுப்பாதை எங்கோ தூணுக்குப் பின்னாலும் வந்து சேர்கின்றன. வாகன நிறுத்துமிடத்துக்கும் மின்தூக்கி முகப்புக்கும் இடையே இருக்கும் கனமான தீத்தடுப்புக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கையால் அதைத் திறந்து பிடித்தபடி மறு கையால் சக்கர நாற்காலியை இழுத்து வரும் வித்தையை வீட்டுப் பணிப்பெண்கள்தாம் கற்று வைத்திருக்கிறார்கள். கட்டட வரைஞர்கள் ஒருநாள் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

மின்தூக்கி எங்கே இருக்கும் என்பதற்கும் ஓர் எழுதாத விதி உண்டு: கழிப்பறை வழிநடையின் கோடியில். மின்படிகளை நட்டநடு முற்றத்தில் வைக்கிறார்கள். அதிலும் ஒரு மின்படியில் ஏறியதும் அடுத்த மின்படிக்கு அந்தத் தளத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். வழியில் கடைகள் கண்ணில் படவேண்டுமே. மின்தூக்கியைத் தேடுகிறவர்கள் சுவரோரமாகப் போய், குழந்தைத் தள்ளுவண்டிகளுக்கும் சாமான் வண்டிகளுக்கும் உணவு விநியோகிப்பவர்களுக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். கதவு திறந்தால் உள்ளே நிறைய பேர், எல்லோரும் நடக்கக்கூடியவர்கள். கதவு மூடும். அடுத்ததற்குக் காத்திருப்போம். சாலையைக் கடக்கும்போது முதியவர்களுக்கு அட்டையைத் தொட்டால் பச்சை விளக்குச் சில விநாடி நீளும் ஏற்பாட்டை 2009 முதல் செய்து வைத்திருக்கிறோம். சாலையில் காட்டிய அந்தக் கரிசனத்தை உள்ளே காணோம்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வழியில் நான்கு மின்தூக்கிகள் இருக்கின்றன, நான்கும் நான்கு நிர்வாகத்தின் கையில் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூறு நாளில் 98 நாள் பழுதில்லாமல் ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த நிர்வாகமும் இந்த எண்ணைப் பெருமையாக ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளும். ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால்தானே வழி? நான்கையும் பெருக்கினால் நூறில் 92 நாள்தான் வருகிறது. அதாவது ஏறத்தாழ 13 நாளுக்கு ஒருமுறை வழி அறுந்துபோகும். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கு அந்த ஒரு நாள் என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் நிலைய மின்தூக்கி பழுதானால் அறிவிப்பு வருகிறது. கடைத்தொகுதியின் மின்தூக்கி பழுதானால் அதன் முன்னால் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். நாம் அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே தூரத்தை அளக்கும் முறையையே மாற்றச் சொல்கிறேன். 2013இல் தொடங்கி 2018இல் முடித்த கூரை நடைபாதைத் திட்டத்தில், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் வரும் இடங்களை இணைத்து மொத்தம் 200 கிலோமீட்டர் கட்டினீர்கள். அருமையான வேலை, அந்தக் கூரைகளின் கீழ் நடக்கும்போதெல்லாம் மனதார வாழ்த்துகிறேன். வெளியே, தரைமட்டத்தில், மீட்டர் சரியான அளவுகோல்தான். கட்டடங்களுக்குள் அது உதவாது. உள்ளே 100 மீட்டர் தூரம் நடக்கிறவருக்கு இரண்டு நிமிடம், மின்தூக்கிகளுக்காகக் காத்திருப்பவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் அது இருவருக்கும் ஒரே தூரம் அல்ல. ஒவ்வொரு ஒருங்கிணைந்த மையத்துக்கும், படியில்லாத வழியில் சக்கர நாற்காலியில் போனால் எத்தனை நிமிடம் என்ற எண்ணைத் திட்டமிடும்போதே கேளுங்கள். திறந்த பிறகு, காலை நெரிசல் நேரத்திலும் இரவு பத்தரை மணிக்கும் மறுபடி அளந்து வெளியிடுங்கள். அந்த எண்ணும் நடக்கிறவரின் எண்ணும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பார்த்தாலே வடிவமைப்பு எப்படி என்று தெரிந்துவிடும்.

உரிமையாளர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரியும். இரவில் வழியைத் திறந்து வைத்தால் பாதுகாப்புச் செலவு, மின்செலவு, திருட்டுப் பயம். இந்தக் கவலை நியாயமானதுதான். விடை கட்டடம் கட்டும்போதே வரைபடத்தில் கிடைக்க வேண்டும். கடைகளுக்கெனத் தனி ஷட்டர், நடைவழி அதற்கு வெளியே. மின்தூக்கி நடைவழியின் பக்கம். அவ்வளவுதான் வேண்டும். முழுக் கடைத்தொகுதியையும் திறந்து வைக்க யாரும் கேட்கவில்லை. செலவு பற்றிப் பேசும்போது வரவையும் சேர்த்துப் பேச வேண்டும். நகர மையத்தில் நிலத்தடி நடைவழி அமைப்போருக்கு ரொக்க மானியத் திட்டம் வைத்தவர்கள் நீங்கள். அந்த வழிகளின் பரப்பை, கட்ட அனுமதிக்கும் மொத்தத் தளப்பரப்புக் கணக்கில் சேர்க்காத சலுகையும் கொடுத்தீர்கள். ரயில் நிலையத்திலிருந்து நேராகத் தம் வாசலுக்குக் கூட்டம் வந்து கொட்டுவது கடைத்தொகுதிக்கு எவ்வளவு பெரிய வரம் என்று அவர்கள் கேட்கும் வாடகையே சொல்லும். பகல் முழுக்க அந்தக் கூட்டத்தால் பிழைத்துவிட்டு, இரவு இரண்டு மணி நேரம் ஒரு மின்தூக்கி ஓடுவதைப் பாரமென்று சொன்னால் கேட்க நன்றாக இல்லை.

அரசு விற்கும் நிலங்கள் பலவற்றில், ரயில் ஓடும் நேரமெல்லாம் இணைப்புவழி திறந்திருக்க வேண்டும் என்று நீங்களே நிபந்தனை எழுதுவதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியது. அது சில கட்டடங்களின் ஒப்பந்தத்துக்குள் மட்டும் படுத்திருக்கிறது. பழைய கட்டடங்களும், உரிமையாளர்கள் தாமாக முன்வந்து போட்ட இணைப்புகளும் அதற்கு வெளியே நிற்கின்றன. எந்த வழிக்கு அந்த நிபந்தனை உண்டு, எதற்கு இல்லை என்பது வழிப்போக்கருக்கு எப்படித் தெரியும்? அந்த வரியில் மின்தூக்கி என்ற சொல்லும் வெளிப்படையாக இருக்க வேண்டும். மின்படி ஓடுகிறது, ஆகவே வழி திறந்திருக்கிறது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

இப்படிச் சட்டம் போட்ட ஊர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ், செயின்ட் பால் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நகரங்கள். எலும்பை உறையவைக்கும் குளிர். இரண்டிலும் கட்டடத்தின் இரண்டாம் தளத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்குக் கண்ணாடிப் பாலம் போட்டு நகர மையம் முழுவதையும் இணைத்திருக்கிறார்கள். மினியாபோலிஸில் 1962இல் தொடங்கியது. அங்கே பாலங்கள் பெரும்பாலும் தனியாருடையவை, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். செயின்ட் பாலில் அந்த வழிகளின் மேல் பொதுமக்களுக்கு நடைவழி உரிமை உண்டு. திறந்திருக்க வேண்டிய நேரத்தை நகரச் சட்டம் வரையறுக்கிறது. செயின்ட் பாலில் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இரவில் தொல்லை என்று உரிமையாளர்கள் முறையிட்டதும், நேரத்தைக் குறைப்பது பற்றி நகர மன்றத்தில் வாதம் நடந்ததும் உண்டு. நடக்கட்டும். அந்த வாதம் மன்றத்தில், மக்கள் கேட்க நடந்தது. நம் ஊரில் அது மேலாளர் சாவிக்கொத்தோடு முடிந்துவிடுகிறது.

வழிகாட்டிப் பலகைகளுக்கு டொராண்டோவைப் பாருங்கள். அங்கே நகர மையத்துக்கு அடியில் 30 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடி வழி ஓடுகிறது, 75க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தொடுகிறது. துண்டு துண்டாகப் பல உரிமையாளர்கள். 1987 முதல் நகர நிர்வாகம் ஒருங்கிணைப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே பலகை முறையைக் கொண்டுவந்தது. அந்த வழியின் ஆங்கிலப் பெயரான PATH என்பதன் நான்கு எழுத்துகளுக்கு நான்கு நிறம். சிவப்பு தெற்கு, ஆரஞ்சு மேற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு. அப்படியும் அங்கே வழி தவறியவர்களின் கதைகளை நம் கனடாத் தமிழர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், சில துண்டுகளில் படிகளும் குறுக்கிடுகின்றன. இருந்தாலும் ஒரே பலகையைப் பல உரிமையாளர்களை மாட்ட வைக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாகியிருக்கிறது. இங்கே நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் வெளிவாயில் எண்கள் மறைந்து, கடைப் பெயர்கள் ஆரம்பிக்கின்றன. பலதுறை மருந்தகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "அந்தக் காலணிக் கடைக்குப் பக்கத்தில் திரும்புங்கள்" என்கிறார்கள். அடுத்த மாதம் அந்தக் காலணிக் கடை இருக்காது.

குறை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதற்கும் நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அட்மிரல்டி ரயில் நிலையத்தை ஒட்டி 2018இல் அதிகாரபூர்வமாகத் திறந்த கம்போங் அட்மிரல்டிக்குப் போய்ப் பாருங்கள். தரைத்தளத்தில் யாரும் வந்து உட்காரக்கூடிய திறந்த முற்றம். அதற்கு மேல் உணவங்காடி நிலையம், அதற்கும் மேல் மருத்துவ நிலையம். அப்புறம் குழந்தைப் பராமரிப்பு, மூத்தோர் மையம். பக்கத்தில் மூத்தோருக்கான 104 வீடுகள். அந்த ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதையும் பெற்றது. விருதைவிட எனக்குப் பிடித்தது அங்கே அடுக்கிய வரிசை. முதியவர் ஒருநாளில் போகவேண்டிய இடங்கள் எல்லாம் ஒரே மின்தூக்கியின் பாதையில் வருகின்றன. ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக் காப்பி குடித்துவிட்டு, முற்றத்தில் நடப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதையும் வாங்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

மற்ற பல மையங்களில் மருந்தகமும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பும் எங்கே வைக்கப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். வாடகை குறைவான மேல்தளத்தில், இரண்டு மின்தூக்கி மாறிப் போகும் மூலையில். வேகமாக ஏறி இறங்கக்கூடிய இளைஞர்களுக்கான விளையாட்டுக் காலணிக் கடை ரயில் நிலைய வாசலிலேயே இருக்கிறது. வாடகை கணக்குப்படி இது சரி. திட்டமிடுகிறவர்களின் கணக்கு வேறாக இருக்க வேண்டும். பலவகைப் பயன்பாடு என்று அனுமதி கொடுக்கும்போது, எந்தப் பயன்பாடு எந்தத் தளத்தில் என்பதையும் நீங்கள் சொல்லலாம். 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்று அரசாங்கமே சொல்லிவருகிறது. அந்த நால்வரில் ஒருவரை நிலைய வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கிறோம்?

இருக்கை பற்றியும் ஒரு வார்த்தை. புதிய நடைவழிகளில் இருக்கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருப்பவையும் சாய்மானமோ கைப்பிடியோ இல்லாத வெறும் கட்டைகள். முட்டிவலிக்காரர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும். யார் உட்கார்வது என்பதிலும் ஒரு கண் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பணிப்பெண்கள் நடைவழி ஓரத்தில் அட்டை விரித்து உட்கார்ந்தாலும், தேக்கா பக்கம் வெளிநாட்டு ஊழியர்கள் சற்று நேரம் நிழலில் நின்று பேசினாலும், சீருடைக்காரர் வந்து நகரச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆறு நாள் இந்த ஊரைக் கட்டுகிறவர்கள், பராமரிக்கிறவர்கள் அவர்கள். பொதுவழியில் பொதுமக்கள் உட்காரலாமா, யார் அவர்களை எழுப்பலாம் என்பதற்கும் ஒரு விதி இருக்கட்டும்.

இதையெல்லாம் கேட்கும் நானே தெருவை மறந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆர்ச்சர்ட் சாலையும் ஸ்காட்ஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடந்து கடப்பவர்களுக்கான வழி நிலத்துக்கு அடியில் போகிறது. கார் மட்டத்தில் போகிறது, மனிதர் இறங்கி ஏறுகிறார். உள்வழி கட்டிவிட்டோம் என்ற காரணத்தைச் சொல்லி மேலே இருக்கும் பாதசாரிக் கடப்பை எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு இருவழியும் இல்லாமல் ஆக்கிவிடும். உள்ளே ஷட்டர் இறங்கிய இரவில் எங்களைக் காப்பாற்றியது வெளியே இருந்த அந்தச் சாலையோர நடைபாதைதான்.

"இவ்வளவும் பழைய கட்டடங்களில் சாத்தியமா?" என்று கேட்பீர்கள். 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் நிலையங்கள் சக்கர நாற்காலிக்காரர்களை மனதில் வைத்துக் கட்டப்படவில்லை. முடியாது, செலவு அதிகம் என்றுதான் அப்போது பேச்சு. பிறகு 2003இல் வடகிழக்கு வழித்தடம் மின்தூக்கிகளோடும் தொடு பட்டைகளோடும் திறந்தது. பழைய நிலையங்களிலும் தரையை உடைத்து ஒவ்வொன்றாக மின்தூக்கி வைத்தார்கள். பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாக மாறிவிட்டன. சாலைமேல் நடைபாலங்களிலும் பலவற்றுக்கு மின்தூக்கி வந்துவிட்டது. இவ்வளவையும் செய்து முடித்த நாட்டில், ஒரு மின்தூக்கியை இரவு பத்து மணியோடு நிறுத்தாமல் கடைசி ரயில்வரை ஓட்டுவது பொறியியல் பிரச்சினையாக இருக்க முடியாது.

எனவே உங்களிடம் நேரடியாக மூன்று கேள்விகள் வைக்கிறேன். பதிலைப் பொதுவில் தந்தால் நல்லது.

தனியார் கட்டடங்களுக்குள் செல்லும் எந்தெந்த வழிகள் பொதுமக்கள் பயன்பாட்டுக்குக் கட்டாயம் திறந்திருக்க வேண்டியவை, எத்தனை மணிவரை, அவற்றில் எந்தெந்த மின்தூக்கிகள் அந்தக் கட்டாயத்துக்குள் வருகின்றன என்ற பட்டியலை வெளியிடுவீர்களா? ஒவ்வொரு வழியின் வாசலிலும் அந்த நேரத்தையும், மூடியிருந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் ஒரே மாதிரிப் பலகையில் போடச் செய்வீர்களா? செங்காங், உட்லண்ட்ஸ் நார்த், இயோ சூ காங் மையங்களின் வரைபடங்களை ஒப்புக்கொள்வதற்கு முன், சக்கர நாற்காலியில் போகிறவர்களையும் பார்வையற்றவர்களையும் அவர்களைத் தள்ளிச் செல்கிறவர்களையும் உட்கார வைத்து, வீட்டு வாசலிலிருந்து மருந்தகம் வரை, ரயிலிலிருந்து வீடு வரை, இரவு பதினொரு மணிக்கு எப்படிப் போவது என்று தாளில் விரல் வைத்து நடந்து காட்டச் சொல்வீர்களா?

கடைசியில் சொன்ன கூட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், கூட்டம் நடக்கும் இடத்துக்குப் படியில்லாத வழி இருந்தால்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் குடியிருப்பாளர் ஒருவர்